பதினோரு லைப்ரரியும் ஒரு பிளாப்பியும்

எங்கள் மாவட்டக் கம்ப்யூட்டர் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் வீட்டுக்கே வந்து கேட்டார். "என்னத்த எழுத?" என்றேன். "உங்க அனுபவத்த எழுதுங்க அண்ணாச்சி" என்றார். என் அனுபவம் முழுவதையும் எழுதினால் மலரில் விளம்பரத்துக்குக்கூட இடம் இருக்காது. ஆகையால் ஒன்றே ஒன்றை எழுதுகிறேன். அதிலும் பெருமை பாதி, பிழை பாதி. பெருமை பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டிக்கர் அச்சடிக்கும் ஒரு சின்ன மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அது இணையத்திலிருந்து இறங்கி முடிப்பதற்குள் நான் இரண்டு காபி குடித்துவிட்டேன். எல்லாம் முடிந்து திறந்தால், இன்ன கோப்பைக் காணவில்லை என்று ஒரு பெட்டி வந்து நின்றது. அதற்கு மேல் நகரவில்லை. காணாமல் போன கோப்பு என்னவென்று பார்த்தால், அது கேமராவுக்கானது.

"ஸ்டிக்கர் அடிக்க கேமரா எதுக்குவே?" என்று கடைக்காரர் கேட்டார். பொறியியல் படித்த மூன்று பேர் அங்கே இருந்தார்கள். மூன்று பேரும் திரையையே பார்த்தார்கள்.

நான் சிரித்தேன். சிரிக்க எனக்கு உரிமை உண்டு. இந்த நோய்க்கு நான் இருபது வருஷத்துக்கு முன்பே மருந்து கண்டவன். உலகத்திலேயே முதலில் கண்டவன் என்று சொல்லமாட்டேன். பாளையங்கோட்டையில் நான்தான் முதல்.

என் படிப்பைப் பற்றி இரண்டு வரி போதும். எட்டாம் வகுப்பில் மூன்று தடவை உட்கார்ந்தேன். நாலாவது தடவை உட்கார வாத்தியாரும் விரும்பவில்லை, நானும் விரும்பவில்லை. எங்கள் குடும்பம் கடற்கரைக் குடும்பம். தூத்துக்குடியில் சரக்குத் தோணியில் ஏறினேன். நாலு வருஷம் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்தேன். தோணியில் ரேடியோ கெட்டுப்போனால் நான்தான் பிரிப்பேன். அப்படியே கரைக்கு வந்து ரேடியோ மெக்கானிக், டிவி மெக்கானிக், பிறகு கம்ப்யூட்டர் மெக்கானிக். புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. இங்கிலீஷில் ஒருவரை நலம் விசாரிக்கத் தெரியாது. ஆனால் கம்ப்யூட்டர் கட்டளை எதைக் கொடுத்தாலும் புரியும். நான் எழுதிய புரோகிராம்களின் திரை முழுக்கத் தமிழிலேயே இருந்ததற்குக் காரணம் மொழிப்பற்று என்று மேடையில் பாராட்டியிருக்கிறார்கள். உண்மை என்னவென்றால் எனக்கு வேறு மொழி தெரியாது.

தோணியில் ஒரு வழக்கம் உண்டு. பின்னால் வேலைக்கு ஆகும் என்பதால் அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நங்கூரம் தூக்குமுன் தண்டல், அதாவது தோணியை நடத்துகிறவர், முன்பக்க அணியத்தில் நின்று ஒவ்வொரு சாமானாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். "பாய்?" என்பார். அதற்குப் பொறுப்பானவன் "இருக்கு!" என்பான். "கம்பாக் கயிறு?" "இருக்கு!" "வெளக்கு?" அங்கே ஒருவன் தலையைச் சொறிவான். "இல்ல" என்று மெல்ல முனகுவான். தண்டலுக்கு வரும் பாருங்கள் கோபம். "இருக்குன்னு சொல்லும்போது பைய சொல்லுலே. இல்லன்னு சொல்லும்போது தூத்துக்குடி வரைக்கும் கேக்கணும்!" விளக்கு இல்லாததற்காகத் தோணி நிற்காது. அது இல்லை என்று பத்துப் பேருக்கும் தெரிந்தால் போதும், இருட்டு விழுமுன் வேறு ஏற்பாடு செய்துகொள்வார்கள். ஒருவனுக்கு மட்டும் தெரிந்து அவன் வாயைத் திறக்காமல் இருந்தால்தான் ஆபத்து.

கடலை விட்டு வந்த பிறகு இதை நான் மறந்துவிட்டேன். அதுதான் பின்னால் வரும் கதை.

என் முதலாளி மீரான் பாய். மேலப்பாளையத்துக்காரர். துபாயில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்து பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பக்கத்தில் போனால் அத்தர் வாசனை. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. ஒரு வேலை பிடிக்கவில்லை என்றால் துண்டுச் சீட்டில் ஒரு வரி எழுதி மேஜைமேல் வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது அது சரியாகியிருக்க வேண்டும்.

எட்டாம் வகுப்புத் தேறாதவனை நம்பிப் புரோகிராம் எழுதச் சொன்ன ஒரே மனுஷன் அவர்தான். "சர்டிபிகேட்டா எழுதப் போவுது? நீரு எழுதும்வே" என்றார்.

அவரிடம் ஒரு வினோதமான பழக்கம் இருந்தது. புதிதாக எந்த இடத்தில் எங்கள் புரோகிராமைப் போட்டாலும் கடைசி நாளன்று அவரே நேரில் வருவார். ஒரு ஸ்டூலில் உட்காருவார். டீ வரும். ஒரு வாய் குடிப்பார். எல்லாம் நன்றாக ஓடுவதைப் பார்ப்பார். பிறகு சத்தம் போடாமல் எழுந்துபோய் ஏதாவது ஒரு வயரைப் பிடுங்குவார். பிரிண்டர் வயரோ மெஷின் வயரோ, எது கைக்கு வருகிறதோ அது. திரும்பி வந்து உட்கார்ந்து அடுத்த வாய் டீ குடிப்பார். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் என் புரோகிராம், இன்னது இல்லை என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அன்றைக்கு ஒப்படைப்பு கிடையாது.

ஒரு டாக்டர் கோபப்பட்டுக் கேட்டார்: "நல்லா ஓடுறதை ஏன் பாய் பிடுங்குறீங்க?"

"எல்லாம் இருக்கும்போது யாரு வேணாலும் ஓட்டுவாங்க சார். ஒண்ணு இல்லாம எப்படி ஓடுதுன்னு பாக்கத்தான் நான் சம்பளம் குடுக்கேன்" என்றார் பாய்.

அப்போது நான் எழுதிய புரோகிராமுக்கு 'ஒத்தாசை' என்று பெயர். ரத்தப் பரிசோதனை லேப்களுக்கானது. ரத்தத்தில் உள்ள அணுக்களை எண்ணும் மெஷின் ஒன்று உண்டு. அதிலிருந்து வயர் வழியாக எண்கள் கம்ப்யூட்டருக்கு வரும். ஒத்தாசை அவற்றை வாங்கி, நோயாளி பெயரைப் போட்டு, ரிப்போர்ட்டாக அச்சடித்துத் தரும். அதுவரை டெக்னீஷியன்கள் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள். அம்பாசமுத்திரம் முதல் ஏரல் வரை, ஆற்றுக்கு இரண்டு பக்கமும் இருபத்து மூன்று லேப்களில் என் புரோகிராம் ஓடியது. ஒவ்வொரு ரிப்போர்ட்டின் அடியிலும் சின்ன எழுத்தில் ஒரு வரி வரும்: "ஒத்தாசை. ஆக்கம்: சேவியர், பாளையங்கோட்டை." அதைப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானாகப் போட்டுக்கொண்டேன்.

தொல்லை எங்கே வந்தது என்றால், ஒவ்வொரு கம்பெனி மெஷினும் ஒவ்வொரு பாஷை பேசும். அந்தப் பாஷையைப் புரிந்துகொள்ள அந்தக் கம்பெனிக்காரர்களே ஒரு துணைக் கோப்பு தருவார்கள். எங்கள் தொழிலில் அதை லைப்ரரி என்போம். மெஷின்களுக்கு எட்டு, ஸ்டிக்கர் பிரிண்டருக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று, படம் வரைய ஒன்று, ஆக மொத்தம் பதினோரு லைப்ரரி. புரோகிராமைக் கட்டும்போதே இந்தப் பதினோரு பெயரும் அதன் நெற்றியில் எழுதப்பட்டுவிடும். திறக்கும்போது விண்டோஸ் முதலில் நெற்றியைத்தான் படிக்கும். பதினொன்றில் ஒன்று இல்லையென்றாலும் கதவைச் சாத்திவிடும். கல்யாண வீட்டுச் சமையல்காரர், பாயசத்துக்கு முந்திரி வரவில்லை என்று சோற்றுக்கே உலை வைக்க மாட்டேன் என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

அம்பாசமுத்திரத்தில் ஒரு லேப். அவர்களிடம் இருந்தது ஒரே மெஷின். ஸ்டிக்கர் பிரிண்டரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. யாரோ கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று ஸ்டிக்கர் லைப்ரரியை அழித்துவிட்டார்கள். காலையில் ஒத்தாசை திறக்கவில்லை. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். நான் ஒரு பிளாப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஜங்ஷனில் பஸ் ஏறினேன். அவர்களுக்கு எந்தக் காலத்திலும் வேண்டாத ஒரு கோப்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். இதே கதை அந்த வருஷம் எத்தனை தடவை நடந்தது என்று கணக்கில்லை. கண்டக்டர்களுக்கு என் முகம் பழகிவிட்டது. "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு யாருக்கு வைத்தியம்?" என்று கேட்பார்கள்.

அப்படி ஒரு பஸ்ஸில், முக்கூடல் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போதுதான் எனக்குத் தோன்றியது. பதினோரு பேரையும் விடியும்போதே வாசலில் நிற்கச் சொல்வானேன்? யார் வேண்டுமோ அவரை, வேண்டும்போது போய்க் கூப்பிட்டால் போதாதா?

விண்டோஸில் அதற்கு வழி இருந்தது. மூன்று படி. முதல் படி, லைப்ரரியின் கதவைத் தட்டுவது. ஆள் இருந்தால் ஓர் எண் கிடைக்கும். இல்லாவிட்டால் பூஜ்யம் கிடைக்கும். இரண்டாவது, உள்ளே இருக்கிற வேலையைப் பேர் சொல்லிக் கேட்பது. மூன்றாவது, வேலை முடிந்ததும் விடை கொடுத்து அனுப்புவது. சொல்லும்போது சுலபம். செய்யும்போது இரண்டாவது படியில் நாலு நாள் மாட்டிக்கொண்டேன். கையேட்டில் போட்டிருக்கிற பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் உள்ளிருந்து பதில் வரவில்லை. கடைசியில் லைப்ரரியையே பிரித்துப் பார்த்தேன். உள்ளே அந்தப் பேருக்கு முன்னால் ஒரு கோடும் பின்னால் ஓர் எண்ணும் ஒட்டிக்கொண்டிருந்தன. வீட்டில் ஒரு பேர், ரேஷன் கார்டில் ஒரு பேர் என்று நம் ஆட்களுக்கு இருப்பதுபோலத்தான். முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிட்டதும் வந்தது.

மூன்று வாரத்தில் நெற்றியில் இருந்த பதினோரு பெயரையும் அழித்துவிட்டேன். மொத்தப் புரோகிராமும் ஒரே பிளாப்பியில் அடங்கியது. லைப்ரரி ஒன்றுகூட இல்லாத கம்ப்யூட்டரில் போட்டேன். சிரித்த முகமாகத் திறந்தது. அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்து என் வீட்டுக்காரி, "பதவி ஏதும் குடுத்திருக்காவளா?" என்று கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து மீரான் பாய் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். நாற்பது நாள். போகும்போது, "நான் வந்தப்புறம் ஒண்ணொண்ணாப் போடலாம்வே" என்றார். எனக்குப் பொறுமை இல்லை. அவர் திரும்பும்போது இருபத்து மூன்று லேப்பிலும் புதுசு ஓடவேண்டும், அவர் அசந்துபோக வேண்டும் என்று ஆசை. ஒவ்வொரு லேப்பாகப் போனேன். பழையதை முழுக்கத் துடைத்தேன். புதியதைப் போட்டேன். மேஜைமேல் எந்த மெஷின் இருக்கிறதோ அதற்குரிய ஒரே ஒரு லைப்ரரியை மட்டும் வைத்தேன். மற்றதெல்லாம் எதற்கு, குப்பை. அரைமணி நேரத்தில் ஒரு லேப் முடிந்துவிடும். வயரைப் பிடுங்கிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. நானும் பிடுங்கவில்லை.

கதவைத் தட்டிப் பூஜ்யம் வந்தால் என்ன செய்வது என்று நான் எழுதியிருந்தது ஒரே வரி: சத்தமில்லாமல் திரும்பி வா. யாரையும் தொந்தரவு செய்யாத புரோகிராம் என்று அதையும் ஒரு பெருமையாக நினைத்திருந்தேன்.

ஐப்பசி மழை. ஊரெல்லாம் காய்ச்சல். ஒருநாள் மதியம் கடைக்குப் போன் வந்தது. ஏரல் லேப்பின் டெக்னீஷியன் முத்துலட்சுமி. பதற்றப்படாத பெண். அன்றைக்கு நலம்கூட விசாரிக்கவில்லை.

"அண்ணாச்சி, நாலு பேருக்கு ஒரே ரத்தம் இருக்குமா?"

"என்னம்மா சொல்லுத?"

"காலைல புது மெஷின் நின்னுட்டு. உள்ரூம்ல துணி போட்டு மூடி வச்சிருந்த பழைய மெஷின எடுத்து மாட்டுனேன். ஒங்க புரோகிராம்ல பழைய மெஷின் பேர அமுக்குனேன். ஒண்ணும் சொல்லல. ரிப்போர்ட் வந்துட்டு. நாலு பேருக்குக் குடுத்துட்டேன். இப்ப நோட்டுல ஏத்தும்போது பாக்கேன், நாலு ரிப்போர்ட்லயும் ஒரே எண்ணு. மெஷின்ல காட்டுனது வேற, பேப்பர்ல வந்தது வேற."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. உள்ளறையில் துணிக்கு அடியில் இன்னொரு மெஷின் இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. அதன் லைப்ரரியைக் குப்பை என்று துடைத்தவன் நான். புரோகிராம் போய்க் கதவைத் தட்டியிருக்கிறது. ஆள் இல்லை. நான் சொல்லிக்கொடுத்தபடியே சத்தமில்லாமல் திரும்பி வந்திருக்கிறது. திரையில் முந்தின நாள் கடைசியாக வந்தவருடைய எண்கள் அப்படியே கிடந்திருக்கின்றன. அவற்றையே நாலு பேருக்கும் அச்சடித்துக் கொடுத்துவிட்டது.

"நேத்து கடைசியா வந்தது யாரு?"

"சவுதிக்குப் போக மெடிக்கல் எடுக்க வந்தவரு. ஆளு கர்லாக்கட்ட சுத்துறவரு மாரி இருந்தாரு."

காய்ச்சலில் கிடக்கும் நாலு பேர் கையில் ஒரு பயில்வானின் ரத்தம்.

"நோட்டுல யாருக்கு ரொம்பக் கொறவு?"

முத்துலட்சுமிக்கு ஒரு பழக்கம் இருந்தது. நான் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்த பிறகும் மெஷின் திரையில் தெரிகிற எண்ணை ஒரு பழைய நோட்டில் பென்சிலால் குறித்துவைப்பாள். "இன்னும் என்னத்துக்கும்மா இது?" என்று நான் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன்.

"மூணு பேருக்குப் பரவால்ல. பேச்சியம்மான்னு ஒரு பிள்ள. தட்டணு பதினெட்டாயிரம். பேப்பர்ல ரெண்டு லட்சத்துக்கு மேல வந்திருக்கு. டாக்டர் அதப் பாத்துட்டு மாத்திரை குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டாரு. ஆத்துக்கு அக்கர ஊரு."

தட்டணு, அதாவது பிளேட்லெட், குறைந்தால் உடம்புக்குள்ளேயே ரத்தம் கசியும் என்பது இத்தனை வருஷம் லேப்களில் அலைந்த எனக்குத் தெரியும். அடுத்த நிமிஷம் பைக்கில் ஏறினேன். மழைக்கோட்டைப் போட்ட மாதிரியும் இல்லை, போடாத மாதிரியும் இல்லை. ஏரல் போய்ச் சேரும்போது முத்துலட்சுமி லேப் வாசலில் தொப்பலாக நனைந்து நின்றாள். உள்ளூர்க்காரர்கள் மூன்று பேரின் ரிப்போர்ட்டையும் வாங்கிவிட்டாள். பேச்சியம்மாள் வீட்டுக்கும் ஆட்டோவில் போய்த் திரும்பியிருந்தாள்.

"நம்ப மாட்டேங்காவ அண்ணாச்சி. அவ வீட்டுக்காரரு வாழக்கா யாவாரி. காலைல கம்ப்யூட்டர் பேப்பர் குடுத்த, இப்ப பென்சில்ல எழுதுன நோட்டக் காட்டுதியேன்னு திருப்பி அனுப்பிட்டாரு."

தரைப்பாலத்துக்குமேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மேம்பாலம் சுற்றி ஆட்டோவில் போனோம். வாழைத்தோப்பை ஒட்டி ஓட்டு வீடு. வாசலில் சுடலைமுத்து நின்றார். அவர்தான் புருஷன்.

"ஏம்மா, மறுபடியும் வந்துட்டியா?"

"அண்ணே, ஒரு நிமிஷம் கேளுங்க. பாளையங்கோட்ட பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே கொண்டு போவணும்."

"இந்த மழைல காய்ச்சக்காரியத் தூக்கிட்டு எங்க போவச் சொல்லுத? இந்தா பாரு." நனையாமல் இருக்கப் பாலித்தீன் பைக்குள் போட்டுவைத்திருந்த ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினார். "டாக்டரே பாத்து நல்லாருக்குன்னுட்டாரு. கம்ப்யூட்டர்ல அடிச்சது. கம்ப்யூட்டரு தப்பு பண்ணுமா? ஒன் நோட்டு தப்பா இருக்கும். போம்மா."

கையால் எழுதிய ரிப்போர்ட்டை விடக் கம்ப்யூட்டர் ரிப்போர்ட்டைத்தான் ஜனங்கள் நம்ப வேண்டும் என்று இருபத்து மூன்று லேப்பிலும் பேசிப் பேசி அந்த நம்பிக்கையை வளர்த்தவன் நான். அது இப்போது பாலித்தீன் பைக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு பெண்ணைச் சாகக் கொடுக்கப் பார்த்தது.

நான் முன்னால் போனேன். "அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்வே."

"நீரு யாருவே?"

இந்தக் கேள்வியை என்னிடம் யாராவது கேட்டால் வழக்கமாக ஒரு மணி நேரம் பதில் சொல்வேன். அன்றைக்கு அந்தத் தாளின் அடிப்பக்கம்தான் ஞாபகம் வந்தது.

"பேப்பருக்கு அடியில பாரும். பொடி எழுத்துல ஒரு பேரு இருக்கா?"

கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஒத்தாசை. ஆக்கம், சேவியர், பாளையங்கோட்டை."

மழைக்கோட்டுக்குள்ளிருந்து என் லைசென்ஸை எடுத்து நீட்டினேன். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேரைப் படித்தார்.

"அந்தச் சேவியரு நான்தான். அந்தப் புரோகிராம என்னவிடத் தெரிஞ்சவன் ஒருத்தனும் கெடையாது. நான் சொல்லுதேன், அது பொய் சொல்லியிருக்கு. இது ஒங்க வீட்டம்மா ரத்தம் இல்ல. நேத்து சவுதிக்குப் போவ வந்த எவனோ ஒருத்தன் ரத்தம். தப்பு இந்தப் பிள்ள மேல இல்ல, என் மேல. ஏசுததுன்னா வழில ஏசும். இப்ப வண்டிய எடுக்கச் சொல்லும்."

அவர் பதில் சொல்லுமுன் உள்ளே கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. "பல்லு வெளக்கயில ரத்தம் வருதுன்னு காலைலயே சொன்னேன். பேப்பர்ல நல்லாருக்குன்னு நீங்கதான பேசாமக் கெடன்னீங்க."

சுடலைமுத்து வண்டிச் சாவியை எடுக்க உள்ளே ஓடினார். வாழைக்காய் ஏற்றும் வேனிலேயே மெத்தையை விரித்துக் கொண்டுபோனோம். வழியெல்லாம் என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பென்சில் நோட்டில் இருந்ததைவிடக் குறைந்திருந்தது. உடனே தட்டணு ஏற்றினார்கள். ஒன்பதாம் நாள் பேச்சியம்மாள் நடந்தே வெளியே வந்தாள். அந்த ஒன்பது நாளும் நான் காலையில் ஆஸ்பத்திரிக்கும் பகல் முழுக்க லேப்களுக்குமாக அலைந்தேன். இருபத்து மூன்று லேப்பிலும் உள்ளறை வரை போய், துணி மூடிய மெஷின் ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். இன்னும் மூன்று இடத்தில் இருந்தது.

மீரான் பாய் ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமுமாக வந்து இறங்கினார். மறைக்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாய் பேரீச்சம்பழப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

"நான் இல்லாத நாளுல ஒரு வயராவது பிடுங்கிப் பாத்தீரா?"

"இல்ல பாய்."

"கதவத் தட்டுனது சரிவே. ஆளு இல்லாட்டாலும் வீட்ட நடத்துனதும் சரி. நல்ல வேல. ஆனா ஆளு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லாண்டாமா?"

"என் பேர ரிப்போர்ட்லேர்ந்து எடுத்துடுதேன் பாய். அதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல."

முதல் தடவையாகக் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். "எடுத்தீருன்னா வேலைக்கே வராதேயும். அந்தப் பேரு இருந்ததாலதான் அந்த ஆளு நம்புனான். கொஞ்சம் பெரிய எழுத்துல போடும். அடுத்த தடவ தேடிக்கிட்டு நிக்காண்டாம்."

அன்றைக்கு உட்கார்ந்து எழுதியதுதான் என் வாழ்நாளிலேயே சிறந்த வேலை. எழுதும்போது காதில் தண்டலின் குரல் கேட்டது. ஒத்தாசை திறந்ததும் பதினோரு பெயரும் வரிசையாக வரும். இருப்பதற்குப் பக்கத்தில் சின்னதாக 'இருக்கு'. இல்லாததற்குப் பக்கத்தில் பெரிய சிவப்பு எழுத்தில் 'இல்லை'. ஒவ்வொரு 'இல்லை'யையும் டெக்னீஷியன் பார்த்துவிட்டேன் என்று ஒரு தட்டுத் தட்டினால்தான் மேலே போகும். எந்த மெஷினைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் திரையில் உள்ள பழைய எண்கள் எல்லாம் அழியும், பிறகுதான் கதவைத் தட்டும். பூஜ்யம் வந்தாலும், லைப்ரரி இருந்து வயர் கழன்றிருந்தாலும் மணி அடிக்கும். ரிப்போர்ட்டில் எண் வரவேண்டிய இடத்தில் "எடுக்கப்படவில்லை" என்று வரும். அப்போதும் ஒரே பிளாப்பிதான். அப்போதும் பதினொன்றில் ஒன்றுகூடக் கட்டாயம் இல்லை.

மறுபடி இருபத்து மூன்று லேப்புக்கும் போனோம். இந்தத் தடவை பாயும் வந்தார். ஸ்டூல், டீ, வயர். ஒவ்வொரு இடத்திலும் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் மணி அடித்தது. ஏரலில் மட்டும் அவர் வயரைப் பிடுங்கவில்லை. "நீ பிடுங்கும்மா" என்று முத்துலட்சுமியிடம் விட்டுவிட்டார். சுடலைமுத்து ஒரு தார் கோழிக்கூடு ரக வாழைப்பழம் கொண்டுவந்து லேப்பில் இறக்கியிருந்தார். அவரிடம் அந்தப் பழைய ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சங்கம் எனக்குக் கொடுத்த கேடயங்கள் அலமாரிக்குள் இருக்கின்றன. அந்தத் தாள் பாலித்தீன் பையோடு என் மேஜைக்கு எதிரே சுவரில் இருக்கிறது.

மீரான் பாய் இப்போது இல்லை. கடையும் இல்லை. ஒத்தாசையும் எல்லா லேப்பிலிருந்தும் போய்விட்டது, ஒன்றைத் தவிர. முத்துலட்சுமி இப்போது ஏரலில் சொந்தமாக லேப் வைத்திருக்கிறாள். மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் இன்னும் அதை ஓட்டுகிறாள். போன வாரம் சுகர் பார்க்க அங்கே போனேன். பாளையங்கோட்டையில் லேப் இல்லையா என்று என் வீட்டுக்காரி கேட்டாள். இருக்கிறது, என் பேர் போட்ட ரிப்போர்ட் அங்கே கிடைக்காதே.

காலை எட்டு மணிக்கு அவள் ஒத்தாசையைத் திறந்தாள். ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தாள். "இருக்கு. இருக்கு. இல்ல. இல்ல." இல்லை என்று வரும்போது குரல் தெருவுக்குக் கேட்டது. பிறகு எழுந்து மெஷின் வயரைப் பிடுங்கினாள். மணி அடித்தது. திரும்ப மாட்டினாள்.

"இப்ப கையை நீட்டுங்க அண்ணாச்சி."

ரிப்போர்ட் வந்தது. அடியில் என் பேர் நல்ல பெரிய எழுத்தில் இருந்தது. மேலே, மூன்று மாதச் சுகர் என்ற வரிக்கு எதிரே "எடுக்கப்படவில்லை" என்றிருந்தது.

"இது என்னம்மா?"

"அந்த மெஷின் ரிப்பேருக்குப் போயிருக்கு. நாளைக்கு வந்துரும். ஒங்க புரோகிராமுதான் ஒளிக்காமச் சொல்லுதே. நாளைக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

வேண்டாத கோப்பைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் அலையக்கூடாது என்றுதான் நான் இத்தனையும் செய்தேன். மறுநாள் காலை மறுபடியும் ஏரல் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரச் சீட்டு கிடைத்தது.